கம்பி போட்டுக் கட்டின ஆயில் ஸ்டிக்

...ஒரு நிமிஷம். முன்வரிசையில இப்ப ஒண்ணு நடந்துச்சு, நான் பார்த்துட்டேன். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாங்க. பக்கத்துல இருக்கிற ஐயா, என் பேச்சு கெட்டுரக் கூடாதேன்னு, "சும்மா இரு"ன்னு கையைக் காட்டிட்டாரு. எனக்கு நல்ல மரியாதைதான்... ஆனா ஐயா, கோவிச்சுக்காதீங்க. தயார் பண்ணிட்டு வந்ததை ஓரமா வச்சுட்டு, உங்களுக்காகவே ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன்.

கோயம்புத்தூர்ல நந்தகோபால், சுகுணான்னு ஒரு தம்பதி. ரெண்டு பேருக்கும் கார் ரேஸ்னா உசுரு. சொந்தமா ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருந்தாங்க. இஞ்சின் வேலையெல்லாம் நந்தகோபால். ஓட்டறது யாரு?... சுகுணா. ஏன் சிரிக்கிறீங்க? வீட்டுக்காரம்மா ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து இங்க வந்த ஆம்பளைங்க எத்தனை பேருன்னு நான் கேக்கட்டுமா?

இஞ்சினைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், பயந்துராதீங்க. உள்ள பெட்ரோல் எரியறப்போ கொஞ்சம் புகை பிஸ்டன் ஓரமா நழுவி, கீழ ஆயில் இருக்கிற இடத்துக்கு இறங்கிடும். அங்கயே தங்குனா அழுத்தம் ஏறும். வெளிய விட்டா ஊருக்குக் கேடு. அதுக்காக ஒரு சின்ன வால்வு... கட்டை விரல் அளவுதான். அந்தப் புகையை இழுத்து, திரும்ப இஞ்சினுக்கே அனுப்பி எரிச்சுரும். இஞ்சினும் மூச்சு விட்டுக்கும், ஊரும் மூச்சு விட்டுக்கும்.

நந்தகோபாலுக்கு அந்த வால்வைக் கண்டாலே ஆகாது. தன் அழுக்கைத் தானே குடிக்கிற இஞ்சின் எப்படி வேகமா ஓடும்ங்கிறது அவர் கட்சி. ரேஸுக்கு முன்னாடி அதைக் கழட்டினாரு. அந்த ஓட்டையில ஒரு போல்ட்டை வச்சு முறுக்கினாரு. பக்கத்துல ஒரு மூச்சுக் குழாய்... அதையும் அடைச்சாரு. ஓட்டிப் பார்த்தா வண்டி பறக்குதுன்னாரு. வண்டி பறந்துச்சா, இல்ல அவர் மனசு பறந்துச்சா... அது அவருக்கே வெளிச்சம்.

ரேஸ் நாள் வந்துச்சு. அவங்க குழுவுல ஒரு பழக்கம். டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டா, அப்புறம் காருகிட்ட நின்னு யாரும் "சரியில்ல"ன்னு சொல்லக் கூடாது. சொன்னா அபசகுனம். பழம் வச்சாச்சு. சுகுணா பயிற்சிக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாங்க. இறங்கினதும் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு மெதுவாச் சொல்றாங்க...

"ஏங்க... ஆயில் கருகுற வாசம் வருதுங்க."

"பழம் வச்சாச்சு சுகுணா. இப்பப் போயி வாயைத் திறக்காத."

அந்த அம்மா விடலை. பானெட்டைத் தூக்கிக் காட்டினாங்க. ஆயில் அளவு பார்க்கிற ஸ்டிக் இருக்குதுல்ல... அது தன்னால மேல எழும்பி நிக்குது. உள்ள இருந்து என்னமோ தள்ளுதுன்னாங்க. நந்தகோபால் குனிஞ்சு பார்த்தாரு. நல்லாவே பார்த்தாரு. பொண்டாட்டி சொல்லிட்டா, இஞ்சினும் சொல்லிருச்சு. இனி யாரு வந்து சொல்லணும்? மனுசன் என்ன செஞ்சாரு தெரியுமா? ஒரு கம்பியை எடுத்தாரு. ஸ்டிக்கை உள்ள அமுக்கினாரு. திரும்ப எழும்பாதபடி... கம்பி போட்டு இறுக்கிக் கட்டினாரு. கட்டிட்டு, "ஒண்ணுமில்ல, போ"ன்னாரு.

போனாங்க.

முதல் ரவுண்டு, ஒண்ணுமில்ல. ரெண்டாவது ரவுண்டுல காருக்குப் பின்னாடி நீலமா லேசாப் புகை. வேலியைப் பிடிச்சுட்டு நின்ன நந்தகோபால், பக்கத்துல இருந்தவர்கிட்ட ஆயில் கொஞ்சம் சிந்தியிருக்கும்னு சொல்றாரு. அப்பவும் அதே பேச்சு. அடுத்த வளைவுல புகை கறுப்பாயிருச்சு. போக வழியில்லாத அழுத்தம், ஆயில் கசியாம அடைச்சிருக்கிற ரப்பர் வளையங்கள்ல, இருக்கிறதுலேயே மெலிசான ஒண்ணைக் கிழிச்சுட்டு வெளிய வந்துருச்சு. கொதிக்கிற ஆயில் போய்ப் பழுக்கக் காஞ்சு கிடக்கிற புகைக் குழாய் மேல விழுந்துச்சு...

தீ.

கார் நின்னுருச்சு. கதவு திறக்கணும்... திறக்கலை. நந்தகோபால் வேலியில ஏறிட்டாரு. ரெண்டு பேரு இடுப்பைப் பிடிச்சு இழுக்கறாங்க. "சுகுணா... சுகுணா..." மத்த வண்டிங்க போடற சத்தத்துல அது யாருக்குக் கேக்கும்? தீயணைக்கிறவங்க ஓடிப் போய் வெள்ளைப் பொடியை அடிச்சாங்க. காரே மறைஞ்சு போச்சு. ஒண்ணும் தெரியலை... ஒண்ணுமே தெரியலை... அப்புறம் அந்தப் பொடிக்குள்ள இருந்து ஒரு ஹெல்மெட்டு வெளிய வந்துச்சு. எப்படியோ கதவைத் தள்ளித் திறந்துட்டுத் தவழ்ந்து வந்தாங்க. இடது கை மணிக்கட்டு வரைக்கும் வெந்து போயிருந்துச்சு.

ஆம்புலன்ஸ்ல பக்கத்துல உக்காந்து நந்தகோபால் அழுவுறாரு. அழுதுட்டே கேக்கறாரு, "இன்னொரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா சுகுணா?"

அந்த அம்மா மூக்குல இருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை நகர்த்தினாங்க.

"சொன்னேங்க. நீங்கதான் கம்பி போட்டுக் கட்டிட்டீங்க."

...

இப்ப நம்ம வீட்டுக்கு வருவோம்.

புகையில்லாத வீடுன்னு ஒண்ணு இல்லைங்க. நாலு பேரு ஒண்ணா இருந்தா சூடு இருக்கும், எரிச்சல் இருக்கும். வீட்டுல குறை சொல்ற வாய் இருக்கே, அதுதான் அந்த வால்வு. அது கொண்டு வர்றது அழுக்குதான். ஆனா அதைக் கேட்டுட்டா அங்கயே எரிஞ்சு போயிரும், தெரு வரைக்கும் போகாது. நாம என்ன செய்யறோம்? முட்டி வலிக்குதுன்னா, வயசானா அப்படித்தான். ஸ்கூலுக்குப் போகப் பயமா இருக்குன்னா, அடி வாங்குவ. மனசு சரியில்லைன்னா, உனக்கென்ன குறைச்சல்... இதெல்லாம் என்ன? கம்பி. கம்பியைக் கட்டிட்டு, வீடு அமைதியா இருக்குதுன்னு வேற பெருமை. உள்ள ஏறிட்டே இருக்குதுங்க. ஒருநாள், வீட்டுல யாரு ரொம்ப மெலிசோ, அவங்களைக் கிழிச்சுட்டுத்தான் வெளிய வரும்.

முன்வரிசை ஐயா... கை தட்ட வேண்டாம். அந்த அம்மா பக்கம் திரும்புங்க. அப்ப என்ன சொல்ல வந்தாங்கன்னு கேளுங்க. மைக்கை அணைச்சுடறேன், எனக்கொண்ணும் அவசரமில்ல... அவங்க சொல்லி முடிக்கட்டும்.