மூக்கில் வைக்க மறந்த ஈயம்

எனக்குப் பொறுமை அதிகம். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. எங்கள் மாடல் விமானச் சங்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாதி அரிசி அளவே இருக்கும் ஒரு கைப்பிடியை இடுக்கியால் எடுத்து, பெயின்ட் அடித்து, விமானி அறைக்குள் ஒட்டுவேன். அது துள்ளி விழுந்து காணாமல் போனால் முட்டி போட்டுத் தேடுவேனே தவிர, ஒரு கெட்ட வார்த்தை வாயில் வராது. அப்படிப்பட்டவனை நீங்கள் கூப்பிட்டு விசாரிக்க வேண்டி வந்ததில் எனக்கும் வருத்தம்தான் ஐயா.

இந்த வருஷக் கண்காட்சிக்கு நான் செய்த இந்த விமானம் லேசுப்பட்டதல்ல. பெட்டியைத் திறந்து பார்த்ததுமே பாதிப் பேர் மூடி வைத்துவிடுவார்கள். இறக்கை மடங்கும். என்ஜின் மூடியைத் தூக்கினால் உள்ளே குழாய் குழாயாகத் தெரியும். இரண்டு பாகத்தைச் சேர்த்தால் நடுவில் இடைவெளி பல்லிளிக்கும். அதில் பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள் என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. என் மனைவி அந்த அறையைப் பெருக்கக்கூட வருவதில்லை. வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

தடையில்லாமல் வந்துபோனவன் அவளுடைய தம்பி ஒருவன்தான். மாடியில் குடியிருந்தான். கலகலப்பானவன், சிரிப்பு முதலில் உள்ளே வரும், பிறகுதான் ஆள் வருவான். அவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. பேச உட்கார்ந்தால் சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து என் மேஜைமேல், என் சாமான்களுக்கு நடுவில் வைப்பான். எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் சொன்னதில்லை. மைத்துனனிடம் இதையெல்லாமா சொல்லிக்கொண்டிருப்பது?

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இந்த விமானத்துக்கு மூக்கின் கீழே ஒரு சக்கரம், வயிற்றின் கீழே இரண்டு. நிஜ விமானத்தில் முன்பக்கம் கனமான கருவிகள் இருக்கும். மாடலில் வெறும் காற்றுதான். அதனால் உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டி மூடுவதற்கு முன், மூக்குக்குள் ஈயக்குண்டுகளை வைத்துவிட வேண்டும். மறந்தால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும். கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு இது. போன வருஷக் கண்காட்சிக்கு ஒரு பல் டாக்டர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். நடுவராக இருந்த நான், "டாக்டர், உங்க விமானத்துக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு அவர் சங்கத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நடுவர் என்றால் கேட்கத்தானே வேண்டும்.

உடலை மூடிய அன்று மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். டப்பா மூடியில் நான் எடுத்து வைத்திருந்த ஈயக்குண்டுகளைப் பார்த்து, "மாமா, இதெல்லாம் எங்க போகணும்?" என்றான்.

"நீ கை வைக்காம இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு உடலை மூடினேன். ஈயம் மூடியிலேயே கிடந்தது. அந்த நேரம் பார்த்துக் கேள்வி கேட்டு என் கவனத்தைக் கலைத்தவன் அவன்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் பிற்பகல். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கடைசியாகச் சக்கரங்களைப் பொருத்தி, பசை இறுகியதும் விமானத்தை முதல்முறையாக மேஜையில் நிறுத்தினேன். மைத்துனன் கைதட்டத் தயாராக நின்றான். நான் கையை எடுத்தேன். விமானம் ஒரு கணம் நின்றது. பிறகு, சாப்பிட்டு முடித்தவர் சாய்வு நாற்காலியில் சரிவதுபோல நிதானமாக வாலில் உட்கார்ந்தது.

அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயோ மாமா... டாக்டருக்கு நாற்காலி போடறேன்னீங்களே, இப்ப உங்களுக்கு யாரு போடுவா?"

"இது வெளியே போகக் கூடாது" என்றேன்.

"அந்த டாக்டருக்கு மட்டும் சொல்லிக்கறேன் மாமா. பாவம், மனுஷன் எவ்வளவு சந்தோஷப்படுவாரு!" என்று இன்னும் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சும்மா சொன்னேன் மாமா. முன்சக்கரக் குழி வழியா ஈயத்தை உள்ள தள்ளிட்டா சரியாப் போச்சு. இதுக்குப் போயி..." என்றான். விமானத்தைப் பார்த்ததும் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு விரலால் மூக்கை அழுத்தி விமானத்தை நேராக நிறுத்தினேன். சிரிக்க ஒன்றும் இல்லாவிட்டால் நிறுத்திவிடுவான் அல்லவா? நிறுத்தினான். அதற்குள் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்திருந்தது. மேஜை விளிம்பைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தான். கையை நீட்டி, "மாமா... அது..." என்றான்.

எதைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் நிலைமையையும் பாருங்கள். விரலை எடுத்தால் விமானம் மறுபடி உட்காரும். அது உட்கார்ந்தால் அவன் சிரிப்பான். சிரித்தால் இரைப்பு அதிகமாகும் என்று அவனுக்கு வைத்தியம் பார்ப்பவரே சொல்லியிருக்கிறார். அவனுடைய நன்மையை நினைத்துத்தான் நான் விரலை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அமைதியாகிவிட்டான். அவனை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை.

பிறகு முன்சக்கரக் குழி வழியாக ஈயத்தை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிப் பசையிட்டேன். அவன் சொன்னது நல்ல யோசனை. பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும். பசை இறுகி, விமானம் தானாக நிற்பதைப் பார்த்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அந்த வேலையைப் பாதியில் விட முடியாது.

மனைவி அழுதாள். நானும் அழுதேன், உண்மையாகவே. அவனை எனக்குப் பிடிக்கும் ஐயா. மாடிப்படியில் சத்தம் கேட்டால் இன்னமும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

சில நாள் கழித்து அவள் என் அறைவாசலில் வந்து நின்றாள். "அவன் மருந்து எங்க இருந்துச்சு?"

"மேஜைமேலதான்."

"ஏன் எடுத்துக் குடுக்கல?"

"கை ஒழியல. விமானத்தைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் விமானத்தையே பார்த்தாள். "இதைப் பிடிக்க ஒரு கை போதுமே. இன்னொரு கை என்ன பண்ணுச்சு?"

மறுநாள் காலை அவள் உங்களிடம் வந்துவிட்டாள்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அவள் நினைப்பதுபோல அந்தக் கை ஒன்றும் சும்மா இருக்கவில்லை. அவன் மேஜையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தபோது சாமான்கள் எல்லாம் ஆடின. இன்ஹேலர் உருண்டு வந்து விமானத்தில் மோதிவிடக் கூடாதே என்று அதைக் கையில் எடுத்து இறுக்கி வைத்துக்கொண்டேன். அவன் என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. விமானத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நீங்களே வந்து பாருங்கள்.