கத்துகிற பூனைக்கு காரில் இடம் உண்டா?

கால்நடை மருத்துவமனையில் முதலில் சீட்டு, பிறகு டாக்டர் என்பது முறை. ஆகவே எல்லோரும் சீட்டில்லாமல் டாக்டர் அறை வாசலில் நின்றார்கள். எனக்கு முன்னால் ஒரு கணவன் மனைவி. இரண்டு கூடைகளில் இரண்டு பூனைகள்.

"கருப்பன் கிரிவலம் முழுக்கத் தூங்கினே வந்தான்," என்றார் கணவர்.

அடுத்த வாரம் சென்னைக்குக் குடிபோகிறார்களாம். எந்தப் பூனை காருக்கு ஒத்துவரும் என்று பார்க்க, முந்தின நாள் இரண்டையும் ஏற்றி மலையைச் சுற்றியிருக்கிறார்கள்.

"வெள்ளச்சி இந்திர லிங்கத்துல ஆரம்பிச்சவ, ஈசான்ய லிங்கம் வரைக்கும் கத்துனா. சென்னை வரைக்கும் நம்மால ஆகாது. பக்கத்து வீட்ல விட்டுடலாம்."

"கருப்பன் எங்கங்க தூங்கினான்? அது மயக்கம். வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தான், நான்தான் துடைச்சேன். அவன் சொல்லல, இவ வாய்விட்டுச் சொல்றா. அவ்ளோதான்."

"இருந்தாலும் சத்தம் ரொம்ப ஜாஸ்தி."

"உங்கம்மாவும்தான் கார்ல ஏறினா இறங்குற வரைக்கும் 'மெதுவா, மெதுவா'னு கத்துறாங்க. அவங்களைப் பக்கத்து வீட்லயா விட்டுட்டுப் போறோம்?"

கணவர் சுவரிலிருந்த கோழிக்கழிச்சல் தடுப்பூசி அறிவிப்பை இரண்டு முறை படித்தார்.

"டாக்டர்கிட்ட ரெண்டுக்கும் மாத்திரை கேளு," என்றார்.