ஆயா வைத்த பேர்

“ஒம்பது ராத்திரியா எம்பொண்ணு கண்ணை மூடல. என்ன சொல்லி வச்சீங்க அதுகிட்ட?”

“நான் என்னம்மா...”

“யாரது லொட்டான்?”

“யாரும் இல்ல, சும்மா ஒரு...”

“சும்மா எப்படி ஒரு பேரு வாயில வரும்?”

சாயங்காலம் ஆறு மணி. தையல் கம்பெனியின் பின்பக்கம், வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை. சண்டைக்கு வந்தவள் சட்டைக்குப் பட்டன் துளை போடும் காஜா மெஷின் ஓட்டுகிறவள். நம் பெரிய டைலரம்மாவின் நாத்தனார். அதனால் இது எங்கேயோ யாருக்கோ நடந்தது இல்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... கதவுக்கு முதுகைக் காட்ட வேண்டாம்.

ஆயாவுக்குப் பிள்ளைகள் பன்னிரண்டு, கை இரண்டு. மதியம் ஒரு மணிக்கு அதுகள் தூங்கினால்தான் அவள் ஒரு வாய் சாப்பிட முடியும். ஒருநாள் ஒன்றுகூடத் தூங்கவில்லை. ஜன்னல் கொக்கி காற்றில் லொட்டு லொட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. லொட்டான் வந்துட்டான், கண்ணை மூடுங்க என்றாள். பன்னிரண்டும் கப்சிப். அந்தப் பேர் பிறந்த கதை அவ்வளவுதான். அதற்கு அப்பனும் இல்லை, அர்த்தமும் இல்லை. அன்றிலிருந்து தினமும் ஒரு மணிக்கு லொட்டான் வந்தான், ஆயா நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மற்ற பதினொன்றும் வாசலைத் தாண்டினால் மறந்துவிடும். காஜாக்காரியின் மகள் மறக்கவில்லை. மூன்று வயது. வீட்டில் ராத்திரி முழுக்கப் படுக்கையில் உட்கார்ந்து, ஒரு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. டாக்டர் கொடுத்த மருந்தும் கேட்கவில்லை.

ஆயா சிரித்து மழுப்பப் பார்த்தாள். முப்பது வருஷமாய்க் கத்துகிற தன் பேச்சை ஒரு வாண்டுகூடக் கேட்டதில்லை, லொட்டானுக்கு இருக்கும் மரியாதையைப் பார் என்றாள். அந்தச் சிரிப்புதான் காஜாக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜரிடம் போய் நாளைக்கே சீட்டைக் கிழிக்கிறேன் என்றாள். ஆயாவின் முகம் சுண்டிப்போனது.

அப்போதுதான் காஜாக்காரி அதைச் சொன்னாள்.

“நீங்கதானே கொண்டு வந்தீங்க? நீங்களே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. எம்பொண்ணு கண்ணால பாக்கணும்.”

ஆயா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். அந்த அறையின் மூலைக்குப் போய், வாய்யா ராசா, உன்னாலதான் எனக்கு இந்தப் பேச்சு என்று காற்றில் கையை நீட்டினாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்து நின்ற குழந்தை தலையை ஆட்டியது. அங்கே இல்லையாம். பீரோவின் பக்கம் விரலைக் காட்டியது. ஆயா பீரோ பக்கம் நீட்டினாள். இன்னும் மேலே என்றது. இன்னும்... இன்னும் மேலே. ஆயாவின் கை தோளைத் தாண்டி, காதைத் தாண்டிப் போனதும், குழந்தை சரி என்றது.

கையை இறக்காமலே ஆயா வெளியே நடந்தாள். பஸ்ஸிலே கம்பி பிடிச்ச மாதிரி போறியே ஆயா என்று வாட்ச்மேன் கிண்டலடித்தாராம். அவள் நிற்காமல் கேட்டைத் தாண்டினாள்.

ஆறரைக்குக் காஜாக்காரி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு பக்கமும் கிடங்குச் சுவர்கள், நடுவில் நீளத் தெரு. ஆள் நடமாட்டம் இல்லை. ஒரே விளக்கு, அதுவும் விட்டு விட்டு எரிந்தது. நனைந்த சாக்கின் வாடை. குழந்தை ஒன்பது நாளில் முதல் தடவையாகத் தோளில் தலை சாய்த்திருந்தது.

விளக்கின் கீழே ஆயா நின்றாள்... சுவரைப் பார்த்து. கை இன்னும் மேலேயே இருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நுனி வெளுத்து, யாரோ பிழிகிற மாதிரி நெரிந்திருந்தன. பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு செருப்பு பத்தடி தள்ளிக் கிடந்தது.

கூப்பிட்டிருக்கலாம். காஜாக்காரி கூப்பிடவில்லை. கிழவி நாடகமாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். தெருவின் மறுபக்கமாக, காலடிச் சத்தம் கேட்காமல் கடந்து போனாள். பின்னால் ஏதோ முனகல்... திரும்பவில்லை. எம்பொண்ணு தூங்கினா போதும்.

முக்கு திரும்பியதும் மெதுவாகக் கேட்டாள்.

“லொட்டான்னா என்னடி கண்ணு அர்த்தம்?”

“பிடிச்சா விடாதுன்னு அர்த்தம்.”

“ஆயா சொல்லிச்சா?”

“ஆயாவுக்குத் தெரியாது. அதுவே சொல்லுச்சு.”

வீட்டில் ஊட்டினாள். தட்டு காலி. ஏழரைக்கெல்லாம் குழந்தை கை காலைப் பரப்பி, வாயோரம் எச்சில் ஒழுகத் தூங்கிப்போனது. காஜாக்காரி தாழ்ப்பாள் போட்டாள். பக்கத்தில் சாய்ந்தாள். அவளையறியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது.

டொக்.

மனிதர் தட்டுகிற இடத்தில் இல்லை. கதவின் மேல் விளிம்பில், நிலையை ஒட்டி... டொக். அதற்கு ரொம்பக் கீழே, இழுத்து இழுத்து விடுகிற ஒரு மூச்சு.

காஜாக்காரி மகளின் காதைப் பொத்தினாள். வெளியே ஆயாவின் குரல், கெஞ்சுகிற மாதிரி.

“கை ஓஞ்சு போச்சும்மா... கொஞ்ச நேரம் நீ பிடிச்சுக்கறியா?”