கரண்ட் போனால் கட்டாருக்குத் தெரியும்

புத்தளத்திலிருந்து கல்பிட்டிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"எங்கட கடையில கரண்ட் போனா, கட்டார்ல வேலை செய்ற என்ட புருஷனுக்கு உடனே தெரிஞ்சிரும்" என்று மூத்தவள் சொன்னதும் நான் கையிலிருந்த போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"அதெப்படி ராத்தா?" என்றாள் இளையவள்.

"போன லீவுல வந்து கொம்பியூட்டருக்கு யூ.பி.எஸ். எண்ட பெட்டரிப் பெட்டி ஒண்டு பூட்டி, அதுக்கு சொப்ட்வெயாரும் போட்டார். கரண்ட் போய் அஞ்சு நிமிஷத்தில எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு கொம்பியூட்டர் தானா நிக்கும். செட்டிங் செய்யக்குள்ள தன்ட ஈமெயிலையும் போட்டு வெச்சார். கரண்ட் போன உடனே அவருக்குச் செய்தி போகும்."

"நல்லம்தானே."

"செய்தி கண்டா வேலையில நிண்டாலும் கோல் எடுப்பார். மத்தப்படி வெள்ளிக்கிழமை மட்டும்தான் கதைப்பார்."

பஸ் பாலாவியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. இளையவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உண்மையச் சொல்லுங்க ராத்தா. நீங்களே சுவிட்ச நிப்பாட்டுறீங்களா?"

"ஓம். பெட்டரிப் பெட்டிக்குக் கரண்ட் போற சுவர் சுவிட்ச மட்டும்."

"அவர் கண்டுபிடிக்கல்லயா?"

"கண்டுபிடிச்சிட்டார். முந்தாநாள் வீடியோ கோல்ல எனக்குப் பின்னால ஃபேன் சுத்துறதைக் கண்டுட்டு, 'கரண்ட் இல்லாம ஃபேன் எப்படி சுத்துது?' எண்டு கேட்டார்."

"ஏசினாரா?"

"இல்ல. 'நாளைக்கும் கரண்ட் போகுமா?' எண்டு கேட்டார்."