கோணல் ஏணி

அக்கா: இன்னும் கொஞ்சம் இழு... ம்ஹும். கேம்ல அந்த ஏணி கோணலாத்தான் நிக்குது.

தங்கை: படத்தை இழுத்தா ஆளு குண்டாவான்க்கா. ஏணி எப்படி நிமிரும்?

அக்கா: டிவி ரிப்பேர் பண்றவ நீ. என்னைக் கேட்டா? நான் ஸ்கூல் வேன் ஓட்டுறவ.

தங்கை: சரி, நாலுக்கு மூணுன்னு வச்சுட்டேன். நம்ம பழைய டிவியில வந்த அதே அளவு. இப்ப?

அக்கா: இப்ப ஆளு ஒல்லியாயிட்டான், என் வயித்தெரிச்சலைக் கிளப்புறதுக்குன்னே. ஏணி அப்படியேதான் இருக்கு.

தங்கை: எந்த இடத்துல வளையுது?

அக்கா: நான் எங்க பார்க்குறேனோ அங்க.

தங்கை: நீ பார்க்குற இடத்துலயா?

அக்கா: என்னடி முழிக்கிற? பழைய கேமை லேப்டாப்புல ஓட்டுற இந்த எமுலேட்டர்ல, பழைய டிவி கண்ணாடி மாதிரி படத்தை வளைச்சுக் காட்டுறது ஒண்ணு இருக்குன்னியே. அதை அணை.

தங்கை: அதை... அப்பவே அணைச்சுட்டேன்.

அக்கா: அணைச்சா இப்படியா இருக்கும்? நடுவுல மங்கல் வேற.

தங்கை: ஓரத்தை மழுப்புற ஃபில்டரையும் எடுத்துட்டேன். இப்ப ஒவ்வொரு புள்ளியும் செங்கல் அடுக்கின மாதிரி தெரியணும்.

அக்கா: உன் செங்கல் மேல யாரோ தண்ணியை ஊத்திட்டாங்க, போ.

தங்கை: வெளிச்சத்தை ஏத்தவா?

அக்கா: ஏத்து... ஐயோ, போதும் போதும். காலையில ரெண்டு ட்ரிப்பு, சாயங்காலம் ரெண்டு ட்ரிப்பு, வண்டி நிறைய வாலுங்க. அசந்து வந்தவளை விளையாட வான்னு இழுத்து உட்கார வச்சிருக்க. கண்ணு தானா சொருகுது. அசதிதான்டி, வேற ஒண்ணுமில்ல.

தங்கை: வேற என்னன்னு நான் கேக்கவே இல்லையே.

அக்கா: கேக்குற மாதிரி மூஞ்சியை வச்சிருக்க.

தங்கை: அக்கா... வலது கண்ணைக் கையால மூடிட்டுப் பாரேன்.

அக்கா: எதுக்கு?

தங்கை: சும்மா மூடேன்.

அக்கா: மூடிட்டேன், தாயே. அட... நேராயிடுச்சே! இப்ப என்னத்தை மாத்தின?

தங்கை: லேப்டாப்பைத் தொடவே இல்லக்கா. கையைக் கட்டிட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன்.

அக்கா: கையை எடுத்தா திரும்பக் கோணுதுடி.

தங்கை: எத்தனை நாளா?

அக்கா: ரெண்டு மாசமிருக்கும். பார்க்குற கம்பமெல்லாம் இடுப்பொடிஞ்சு நிக்குது.

தங்கை: போன மாசம் கண் டெஸ்ட்ல பாஸுன்னியே?

அக்கா: வரிசையில எனக்கு முன்னாடி ஆறு டிரைவருங்க. அவங்க சத்தமா வாசிக்க வாசிக்க எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. ஒரு எழுத்து தப்பலையே!

தங்கை: இதுல பெருமை வேறயா?

அக்கா: சாவியைப் பிடுங்கிட்டா நான் என்னடி பண்ணுவேன்? பதினஞ்சு வருஷமா எனக்குத் தெரிஞ்சது அந்த ஸ்டியரிங் ஒண்ணுதான். இன்னும் மூணு வாரத்துல ஸ்கூல் லீவு விட்டுடும். அப்புறம் நானே டாக்டர்கிட்ட போறேன். அதுவரைக்கும் கண்டுக்காம இரு.

தங்கை: நாளைக்கே போகணும். நாளைக்கு நீ வண்டியை எடுக்கக் கூடாதுக்கா.

அக்கா: ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு? அதை வச்சு ஓட்டிக்குவேன். உன் பொண்ணும் அந்த வண்டியிலதானே வர்றா! முடியலைன்னா அவளை ஏத்துவேனாடி? காய்ச்சல்னு வீட்டுல நிறுத்தி வச்சிருக்கியே, விட்டதும் அனுப்பு. நான் எப்படி ஓட்டுறேன்னு அவளையே கேளு.

தங்கை: அவளுக்குக் காய்ச்சலே இல்லக்கா. 'பெரியம்மா சிவப்பு லைட்டுல நிக்காமப் போயிட்டாங்கம்மா'ன்னு திங்கக்கிழமை வந்து சொன்னா. மறுநாள்ல இருந்து நான்தான் அவளை நடத்திக் கூட்டிட்டுப் போறேன். என் புள்ளையை மட்டும் இறக்கிக்கிட்டு, மத்த பதினேழு புள்ளைங்களையும் மூணு நாளா உன்கூட அனுப்பிட்டு வாயை மூடிட்டு இருந்தேன்... ஒரு ராத்திரிகூட தூங்கலைக்கா நான்.