போதும் என்று சொல்லும் இழை

தலைமை தாங்கும் கனகசபாபதி ஐயா அவர்களே, வெள்ளவத்தையின் மூத்தவர்களே, கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் என் தாய்மாரே, கடைசி வரிசையில் கதவோடு ஒட்டி இருக்கும் பீற்றர் அண்ணரே! ஆய்வுகூடத்து உஷாந்தியின் அன்பு வணக்கம்.

நம் உயிரணுக்களுக்குள்ளே சின்னஞ்சிறு இழைகள் உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர். அவை கட்டுமா? கட்டா. ஆக்குமா? ஆக்கா. "புரதம் செய்தது போதும்" என்று அடக்கும், அவ்வளவே! அந்தப் "போதும்" குறைந்தால் உயிரணு அடங்காமல் பெருகிப் புற்றாகலாம். அந்தப் "போதும்" மிகுந்தால் வேண்டிய புரதமும் குறைந்து இதயம் தளரலாம்.

என்னம்மா? இரத்தத்தில் அதைப் பார்த்து என்ன நோய், என்ன வருத்தம் என்று சொல்லிவிடலாமா என்கிறீர்களா? இன்னும் முடியாது. அதற்காகத்தானே உங்கள் இரத்தத்தைக் கேட்டோம்!

போன மாதம் நாற்பது பேர் தந்தீர்கள். மார்புப் புற்றோடு போராடி மீண்ட நேசமலர் அக்காவும் தந்தார். அவருடைய கணவர்தான் பேலியகொடையில் மீன் விற்கும் நம் பீற்றர் அண்ணர். ஐஸ் பெட்டி வைத்திருப்பவராயிற்றே என்று, ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரக் குழாய்களை அவரிடம் கொடுத்து, "நல்லாக் குளிரா வச்சிருங்கோ அண்ணை" என்றேன். மனைவியின் இரத்தமல்லவா? ஐஸைத் தூளாக்கி, மீனுக்குப் போடுவதுபோல் உப்பும் கலந்து, பார்த்துப் பார்த்து அடுக்கினார். உப்புச் சேர்ந்தால் ஐஸின் குளிர் இன்னும் கடுமையாகும்; இரத்தம் பனிக்கட்டியாய் உறைந்தது. சிவப்பணுக்கள் உடைந்தன. உள்ளிருந்த இழையெல்லாம் வெளியே கொட்டி, நாங்கள் எண்ணவேண்டிய இழைகளோடு கலந்துவிட்டது. நாற்பது குழாயும் வீண்!

"பழுதாகக் கூடாதெண்டுதானே தங்கச்சி செய்தனான்" என்று அழுதவர், பிறகு எங்கள் பக்கமே வரவில்லை; இன்றுதான் கதவடிவரை வந்திருக்கிறார்.

சிரிக்காதீர்கள்! பிழை யாருடையது? பாசத்தினுடையதா? உப்பினுடையதா? என்னுடையது ஐயா, என்னுடையது! "போதும்" என்ற சொல்லையே ஆராய்கிறவள், எவ்வளவு குளிர் போதும் என்று சொல்ல மறந்தேன்.

மறுபடி இரத்தம் எடுக்க, இரண்டாம் ஊசிக்குப் பலர் மறுத்துவிட்டீர்கள். நீங்கள் வராவிட்டால் இந்த ஆய்வு இத்தோடு நின்றுவிடும். நேற்று நேசமலர் அக்கா தானாக வந்தார். சத்திரசிகிச்சைக்குப் பின் ஒரு கையில்தான் அவருக்கு ஊசி போடலாம். அந்தக் கையிலும் நரம்பு ஒளிந்துவிட்டது. மூன்றாம் குத்தில்தான் இரத்தம் வந்தது.

"நோகுதா அக்கா?"

"ஓம், நோகுது. நீர் எடும். என்ர மகளுக்கு வந்தால் வெள்ளனவே தெரியவேணுமெல்லே."

எனக்கு அழுகை வந்துவிட்டது, தாய்மாரே.

பீற்றர் அண்ணை, எழும்புங்கோ! அக்காவின் குழாய் வந்துவிட்டது; நாளை காலை இங்கிருந்து மிச்சம் முப்பத்தொன்பது குழாய்கள் போகவேண்டும். அந்தப் பெட்டியை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டேன். ஐஸ் போடுங்கோ, குழாயில் படாமல் துணி சுற்றுங்கோ, உப்பு மட்டும் வேண்டாம். அவ்வளவு போதும்!

அதோ, எழுந்துவிட்டார்! நாளை நீளப்போகும் கைகளுக்கு இன்றே என் நன்றி. வணக்கம்.