கடல் வந்தால் இருவருக்கும்தான்

காலையில் தொடங்கவேண்டிய பரிசளிப்பு விழாவை நண்பகலில் தொடங்கிவைத்து, நேரத்தின் அருமையை நமக்கு உணர்த்திய தலைவர் அவர்களே! அருகே வீற்றிருக்கும் அஞ்சா நெஞ்சர், சதுரங்க நடுவர் தங்கராசா ஐயா அவர்களே! பெரியகல்லாற்றுப் பெரியோர்களே, பிள்ளைகளையும் பெற்று இந்தப் பேச்சுகளையும் பொறுத்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

நம்மவர் சதுரங்கம் ஆடிப் பார்த்திருக்கிறீர்களா? முதற்காயை நகர்த்தவே முகூர்த்தம் பார்ப்பார்கள்! குதிரையைப் பார்ப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள், மறுபடி குதிரையைப் பார்ப்பார்கள். தொடக்கத்திலேயே பாதி நேரம் போய்விடும். பிறகு வெல்லவேண்டிய இடத்தில், ஆளுக்கு அளந்து கொடுத்த நேரம் ஆட்ட மணிக்கூட்டில் முடிந்து, "ஐயோ, நேரம் போயிட்டே!" என்று நெற்றியில் கைவைப்பார்கள். எங்கே போனது? நீர்தானே ஐயா உட்கார்ந்து தின்றீர்!

மட்டக்களப்பு நகரத்துத் தம்பி றயன் இந்த நோயை நன்கறிந்தவன். தொடக்கக் காய்களைத் தடதடவென்று நகர்த்துவான், மணிக்கூட்டைத் தட்டுவான், கொட்டாவி விடுவான்! எதிரே இருப்பவர், 'இவனுக்கு எல்லாம் தெரியும் போல' என்று கலங்குவார். தெரியுமா? பாதி தெரியாது! என்ன றயன், சிரிக்கிறீர்? உண்மைதானே?

இறுதியாட்டத்தில் அவனுக்கெதிரே நம் ஆர்த்திகா. வென்றவர் கொழும்புப் போட்டிக்கு. போர் முடிந்து, வழிநெடுகச் சோதனைச் சாவடிகளில் இறக்கி ஏற்றாமல் போகக்கூடிய முதல் பயணம், அதற்காக ஏங்கியிருந்தாள். ஆனால் கொட்டாவி வேலை செய்தது. நான்காம் நகர்த்தலுக்கே அவள் நேரம் கரைந்துகொண்டிருந்தது.

அப்போது வெளியே ஒரு குரல்: "தண்ணி வந்திட்டு கா! ஓடி வாங்க!"

சுனாமி தின்ற ஊரில் இதைக் கேட்டு யார் இருப்பார்? மண்டபமே பறந்தது! அக்காவைக் கடலுக்குக் கொடுத்த ஆர்த்திகா அலறிக்கொண்டு ஓடினாள். நடுவர் ஐயா யன்னலால் பாய்ந்தார். சிரிக்காதீர்கள், கதவு அவருக்குத் தூரம்! வந்தது கடலா? குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி ஐயா, பவுசர்!

வாசல் நெரிசலில் சிக்கிய நான் ஒன்றைக் கண்டேன். ஓடிய றயன் நின்றான். திரும்பிப் போய், ஆர்த்திகாவின் நேரம் ஓடிக்கொண்டிருந்த மணிக்கூட்டை நிறுத்தினான். பிறகே ஓடினான்.

மூச்சு வாங்கத் திரும்பிய நடுவர் முழங்கினார்: "எதிராளியின்ர முறையில மணிக்கூட்டத் தொட்டது குற்றம்! வெற்றி ஆர்த்திகாவுக்கு!" ஆகா! யன்னலால் பாய்ந்த சட்டம் தரைக்கு வந்ததும் என்ன கம்பீரம்!

றயன் சொன்னான்: "கடல் வந்தா ரெண்டு பேருக்கும்தானே சேர் வரும்? நேரம் மட்டும் ஏன் அவவுக்குப் போகணும்?"

கேட்டுக்கொண்டு நின்ற ஆர்த்திகா கதிரையில் அமர்ந்தாள். "அவன் நிப்பாட்டினது என்ட நேரத்த சேர். அவன வெளியில போட்டுட்டு நான் எப்பிடிக் கொழும்புக்குப் போற? விளையாடி முடிக்கிறம்."

நடுவரும் தீர்ப்பை மடித்துவைத்தார், விளையாடினார்கள். ஆர்த்திகா தோற்றாள். நேரத்தால் அல்ல, ஆட்டத்தால் தோற்றாள். அழுதாள், அழுதுகொண்டே கைகொடுத்தாள்.

பெரியோர்களே! இத்தனை ஆண்டுகள் நாமும் ஓடினோம். உயிர் தப்ப ஓடினோம், குற்றமில்லை. ஆனால் ஓடும்போது ஒருவராவது நின்றோமா? எதிரே இருந்தவனுக்கு என்ன போகிறது என்று திரும்பிப் பார்த்தோமா? இல்லை! வெட்கமாக இருக்கிறது எனக்கு!

கோப்பை றயனுக்கு, வாழ்க! ஆர்த்திகாவுக்கு இங்கே பரிசில்லை, பட்டியலில் பெயருமில்லை. எழும்பு மகள். விருந்தினர் வரும்போதெல்லாம் எழும்பிய சபையோரே, தோற்ற இந்தப் பிள்ளைக்கும் ஒருமுறை எழும்புங்கள். நடுவர் ஐயா, நீங்களும்தான், கதவு திறந்தே இருக்கிறது, பயப்படாமல் எழும்புங்கள். எழும்பியவர்களுக்கு என் நன்றி, எல்லோருக்கும் வணக்கம்!